பெயர் வாசிக்கத் தெரியாத ஊர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். ஒரு குளிர்காலக் காலையில் தொலைபேசி அடித்தது. என் தம்பி. பாரிசில் இருக்கும் சித்தியிடம் போக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி ஊரிலிருந்து வெளிக்கிட்டவன். கிழமைக்கணக்காக ஒரு தகவலும் இல்லை.

“அக்கா, ஏஜென்சிக்காரன் வான் ஒண்டில கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போயிட்டான். சித்தி வீட்டில ஒருத்தரும் ஃபோன் எடுக்கினமில்லை. பிரான்ஸ் எண்டு மட்டும் சொன்னவன், எங்க நிக்கிறன் எண்டே தெரியேல்லை.”

“சுத்திவர என்ன இருக்கு?”

“ஒரு சேர்ச், கொஞ்ச வீடு. கடல் இரையுது, ஆனா கடலைக் காணேல்லை. மாடுகள்தான் நிக்குது.”

ஊர்ப் பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னான். சொல்லி முடிய, அவனிடம் சில்லறையும் முடிந்து தொடர்பு அறுந்தது.

அந்தப் பெயரை எனக்கு வாசிக்கவே வரவில்லை. பிரான்ஸ் என்றால் பாரிஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியும் ஓர் ஊரா?

பக்கத்து அப்பார்ட்மென்டில் ஹெயிட்டி நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். லிஃப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. அவள் பிரெஞ்சு பேசுவது ஞாபகம் வர, ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். வேலைக்குப் புறப்பட்டு நின்றவள், விஷயத்தைக் கேட்டதும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். தொலைபேசி விசாரணைப் பகுதியில் அந்த ஊர் மேயர் அலுவலக எண் கிடைத்தது. அங்கே யாரும் எடுக்கவில்லை. ஊரில் வேறு என்னதான் இருக்கிறது என்று விசாரணைப் பகுதியைத் திரும்பவும் அழைத்துக் கேட்டாள். ஒரேயொரு பேக்கரி.

பேக்கரிக்காரியோடு பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்:

“தம்பி நீலக் கோட்டா போட்டிருக்கிறான்? காலையிலிருந்து கடைக்கு எதிரே நிற்கிறானாம். யாரென்று தெரியாமல் ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.”

நீலமா கறுப்பா, எனக்கென்ன தெரியும்? ஓமென்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. நாங்கள் இருவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

“அக்கா…” என்றான் தம்பி. “ஒரு மனுசி கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கொண்டு வந்திட்டா. சூப் தாறா. ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

அன்று பின்னேரம் பேக்கரிக்காரியின் கணவர் தம்பியைக் காரில் ஏற்றிப்போய், தாமே டிக்கெட் எடுத்து பாரிஸ் ரயிலில் விட்டார். இரவு சாப்பாட்டுக்கு அவன் சித்தி வீட்டில் இருந்தான்.

அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் தெரியாத ஒருவர் எங்கள் வீட்டுக்கு எதிரே கொஞ்சநேரம் நின்றாலும், ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. கதவைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.