ஏழாவது ஆணி

ஊரில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். வைத்தவர்கள் கடைக்காரர்கள். எடை அளவு ஆய்வாளராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவருக்கு இதைவிட மோசமான பெயர்கள் கிடைத்திருக்க வேண்டியது. நல்ல காலம், இதோடு போயிற்று. தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை மோப்பம் பிடிப்பார். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் கேனோடு ஒற்றைக்காலில் நிற்பார். அவர் தெருமுனையில் தலைகாட்டினால் நாலு கடைகளில் படிக்கற்கள் இடம் மாறும். 'வாங்க சார்' என்று யாரும் அவரை மனதாரக் கூப்பிட்டதில்லை. அது அவருக்கு வருத்தம்தான். ஒரே ஒரு தடவை மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அவள், "நீங்க பாக்குற வேலை அப்படி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவர் பொம்மைப் போர் விளையாடப் போனதற்கும் ஒரு புகார்தான் காரணம். நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்கம் கூடும். சுண்டுவிரல் உயரத்தில் படைவீரர்கள். மேஜை மேல் அட்டையில் செய்த குன்று, நீலத்துணியில் ஆறு. பகடையை உருட்டிச் சண்டை. எல்லோரும் தலை நரைத்து, கௌரவமான வேலை பார்ப்பவர்கள். காலாட்படை ஆறு அங்குலம் நகரலாம், குதிரை பத்து அங்குலம் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, அதை டேப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் தகராறு முற்றி, ஒரு பல் டாக்டரும் ஒரு வங்கி மேலாளரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டேப் தப்பு என்று அலுவலகத்துக்குப் புகார் போனது. மில்லிமீட்டர் வந்தார், சோதித்தார், பல் டாக்டர் சொல்வதே சரி என்றார். மொத்த அறையும் கைதட்டியது. டீ கொடுத்து, "அடுத்த வாரமும் வாங்க சார்" என்றார்கள். அடுத்த வாரம் அவர் சொந்தமாக ஒரு படையே வாங்கிக்கொண்டு போய் நின்றார்.

அன்றிலிருந்து அவர் ஆடும் மேஜையில் அவருடைய டேப் மட்டும்தான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் ஆட்டத்தில் மனிதர் பூஜ்யம். ஒவ்வொரு வீரனையும் மூன்று தடவை அளந்து நகர்த்துவார். அவருடைய படை குன்றின் பாதியில் நிற்கும்போதே நேரம் முடிந்து விசில் ஊதிவிடும். வருடப் போட்டியில் கடைசி இடம் பிடிப்பவருக்கு ஒரு மரக்கரண்டி பரிசு. ஆறு வருடம், ஆறு கரண்டி. மனைவி அவற்றைச் சமையலறைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டினாள். கேலி செய்யவில்லை. "நல்லா உழைக்குது" என்று மட்டும் சொல்வாள். கேலி செய்திருந்தால்கூடத் தேவலாம் என்று அவருக்கு இருக்கும்.

இந்த வருடம் அவருக்குக் கோப்பை வேண்டாம், கைதட்டல் வேண்டாம். ஏழாவது கரண்டி வராமல் இருந்தால் போதும். ஒரு வாரமாக அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார், மனைவியிடமும் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

போட்டியன்று காலை ஆடிய மூன்று ஆட்டத்திலும் வழக்கம்போல் மண்ணைக் கவ்வினார். கடைசி ஆட்டத்துக்கு, அதுவரை எல்லாவற்றிலும் தோற்ற இரண்டு பேரைக் கடைசி மேஜையில் உட்கார வைப்பார்கள். தோற்பவருக்குக் கரண்டி. எதிரே வந்து உட்கார்ந்தவர் யார் என்று பார்த்ததும் மில்லிமீட்டர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரர்.

போன மாதம்தான் அவர் கடையில் துணி அளக்கும் டேப்பைப் பறிமுதல் செய்திருந்தார். முனையில் அரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, தகட்டை மறுபடி பொருத்தியிருந்தார்கள். எந்தத் துணியை அளந்தாலும் அரை அங்குலம் கூடுதலாகக் காட்டும். டேப் மயிரிழைகூடப் பிசகாதது, ஆய்வாளருக்குத்தான் கண் சரியில்லை என்று ஜவுளிக்கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் ஆய்வாளரைக் குளிரவைக்கத்தான் சங்கத்தில் சேர்ந்தார் என்று பேச்சு. அவருடைய படைவீரர்களுக்கு அசல் வெல்வெட்டில் மேலங்கி. எல்லாமே முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஆட்டம் நடந்தது. நடந்தது என்றால், மில்லிமீட்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக ஆடினார். வர்ணம் திட்டாய் விழுந்து மூக்கு பெருத்துப்போன அவருடைய தளபதி குன்றின் உச்சிக்கே ஏறிவிட்டான். விசிலுக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஜவுளிக்கடைக்காரரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு யானை. இரண்டு பகடையை உருட்டி எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு அங்குலம் யானை பாயலாம். எட்டினால் தளபதி காலி. நாலும் ஐந்தும் விழுந்தது. ஒன்பது. மில்லிமீட்டர் டேப்பை இழுத்துப் பிடித்தார். ஒன்பதேகால். யானை கால் அங்குலம் எட்டாமல் நின்றுபோயிற்று.

ஜவுளிக்கடைக்காரர் சரிபார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தபோது அந்த முகத்தில் ஒரு தெளிவு. நடுவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் ஜவுளிக்கடைக்காரர், அறை முழுக்கக் கேட்கும்படி. "சாரோட டேப் சரியான டேப். எல்லாரும் கேட்டுக்குங்க."

விசில் ஊதியது. முப்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல் டாக்டர் மில்லிமீட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார். மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் டேப்பைச் சுருட்டினார். மூன்றாவது அங்குலத்தில் ஊதா மைக்கறை.

அந்தக் கறையை அவரே பறிமுதல் பட்டியலில் எழுதியிருந்தார். அறிக்கை எழுத அந்த டேப்பைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தது ஞாபகம் வந்தது. அப்படிக் கொண்டுவருவதே தப்பு. அது எப்படித் தன் பைக்குள் ஏறியது என்றுதான் விளங்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் கை குலுக்குகிற சாக்கில் காதருகே வந்தார். "வியாழக்கிழமை பாப்போம் சார். நீங்களே இதை வெச்சு அளந்து ஜெயிச்சிருக்கீங்க. முப்பது சாட்சி."

வழக்கு போனால் போகட்டும் என்று மில்லிமீட்டர் ஒரு நிமிடம் நினைத்தார். இதை மறைப்பானேன், நிஜமாகவே நினைத்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், சுவரில் ஆறு கரண்டி, ஏழு இல்லை. ஆனால் குன்றின் மேல் அந்த மூக்கன் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தான். எட்டேமுக்கால் அங்குலத்தில் ஒரு யானை, ஒன்பது அங்குலம் பாயத் தகுதியோடு, அநியாயமாக மறித்து நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"விசில வாபஸ் வாங்குங்க" என்றார் கண்டக்டரிடம். "நான் தோத்துட்டேன். இந்த டேப் அரை அங்குலம் பொய் சொல்லுது."

"அவர் தோக்கல, நான்தான் தோத்தேன்" என்று பாய்ந்தார் ஜவுளிக்கடைக்காரர். டேப் சத்தியமாகச் சரி, தோல்வியைத் தான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டாயிற்று, கரண்டியைக் கொடுங்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். மில்லிமீட்டர் கரண்டி தனக்குத்தான் சேரவேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரு மரக்கரண்டியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். கண்டக்டர் எத்தனையோ சண்டையைத் தீர்த்துவைத்தவர். சீட்டுக்கும் சில்லறைக்கும்தான் அவற்றில் பாதி. எனக்குத்தான் வேண்டும் என்று ஒரு தோல்விக்கு நடக்கும் சண்டையை அவர் பார்த்ததில்லை. பல் டாக்டரின் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் ஜவுளிக்கடைக்காரர் தன் யானையை முழங்கையால் அரை அங்குலம் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார். கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டேமுக்கால். மூக்கன் விழுந்தான். ஜவுளிக்கடைக்காரர் வென்றதாக அறிவித்தபோது அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

மில்லிமீட்டர் அங்கேயே ஆட்டக் காகிதத்தின் பின்புறம் நடந்ததை எழுதி, முப்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தாளில், சாட்சிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனது ஏன் என்று விளக்கம் கேட்டுத் தனக்குத் தானே ஒரு நோட்டீஸ் எழுதினார். பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். ஒரு வாரம் கொடுக்கலாமே என்று பல் டாக்டர் சிபாரிசு செய்தும் மசியவில்லை. பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி சமையலறையில் இருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஜெயிச்சேன்" என்றார். "அப்புறம் அளந்து பாத்தேன்."

அவள் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே ஆறு கரண்டிகளுக்கு அடுத்து, பளபளவென்று புதிதாக ஓர் ஆணி.

"இதை எப்ப அடிச்சே?"

"காலையில, நீங்க குளிக்கும்போது. உங்க பையிலேர்ந்து டேப்பை எடுத்து அளந்துதான் அடிச்சேன். கோணலா இருந்தா உங்களுக்குப் பிடிக்காதே. மறக்காம திரும்ப பையில வெச்சுட்டேன், சாப்பாட்டு மேஜை மேல கிடந்துச்சு."

அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய சொந்த டேப் உட்கார்ந்திருந்தது.

"நான் தோப்பேன்னு உனக்கு அவ்வளவு நிச்சயமா?"

"ஜெயிச்சிருந்தா ஒரு ஆணிதானே, பிடுங்கிப் போட்டிருப்பேன்" என்றாள் அவள். "தோத்துட்டு வந்து, அதை எங்க வைக்கிறதுன்னு கையில வெச்சுக்கிட்டு நிப்பீங்களே. போன வருஷம் சாயங்காலம் வரைக்கும் நின்னீங்க. அதுக்குத்தான்."

அலமாரியிலிருந்து டேப்பை எடுத்தார். ஆறாவது ஆணியிலிருந்து ஏழாவது ஆணி வரை பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் இன்னொரு தடவையும் பார்த்தார்.

"சரியாத்தான் அடிச்சிருக்கே" என்று சொல்லி, கரண்டியை அவரே மாட்டினார்.