யார்க் நகரத்துச் செருப்பு

கல்லூரியில் எங்களுக்கு இங்கிலாந்து வரலாறு எடுத்தவர் அவர். சட்டை கசங்காது. கைக்குட்டையால் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டார்.

ஒரு நாள் யார்க் நகரத்தை ஆண்ட ராஜாக்களைப் பற்றி வகுப்பில் நான் பேச வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே டென்மார்க்கிலிருந்து கடல்வழி வந்து அந்த ஊரைப் பிடித்த டேனியர்கள், ரோமானியர் விட்டுப்போன மதிலை மண் கொட்டி உயர்த்தினார்கள். அந்த ஊரின் ஈர மண்ணைத் தோண்டியபோது டேனியர் காலத்துத் தோல் செருப்புகள் ஏராளமாகக் கிடைத்தன. தைத்த துளைகூட அழியவில்லை என்றேன்.

"ஏலே, நிறுத்து. ராசாக்க பேரக் கேட்டா செருப்பத் தூக்கிட்டு வர்ற. உங்கப்பன் தொழில் புத்தி விடுமா?"

வகுப்பே சிரித்தது. என் அப்பா தேனி பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பது அவருக்குத் தெரியும்.

நான் விடவில்லை. "அந்த ராசாக்களும் வெறுங்காலோட நடக்கல சார். யாரோ தைச்சுத்தான் குடுத்தாக."

"உக்காருலே!"

மாலையில் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டார். சுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "அது என்ன தோலுடா? மாடா, ஆடா?" என்றார்.

"பெரும்பாலும் மாடு சார்."

தலையாட்டிக்கொண்டே போனார். உண்மையான ஆசையோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கேள்வியை வகுப்பில், எல்லார் முன்னாலும் கேட்க அவருக்கு என்ன கேடு?