கம்பியில் கட்டிய கர்சீப்

சனி ஞாயிறுக்கு வியன்னா வந்திருக்கிறோம், நானும் என்னோடு ஜெர்மனியில் படிக்கும் சங்கராபுரத்து சலீமும். ஓபரா இசை நாடகத்துக்கு நின்று பார்க்கும் டிக்கெட். ரெண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்து, மேடை நேரே தெரியும் கம்பியோரம் இடம் பிடித்தாச்சு. இப்போது பார்த்து சலீமுக்குப் பசி. நகர்ந்தால் இடம் போச்சு.

"கம்பியில ஏதாவது கட்டிட்டுப் போங்க" என்று பக்கத்தில் நிற்கும் வியன்னாக்காரம்மா தன் ஸ்கார்ஃபைக் கட்டிக் காட்டுகிறார்.

"இன்னாடா, கள்ளக்குறிச்சி பஸ்ல துண்டு போடுற கதையா இருக்குது!" கர்சீப்பைக் கட்டுகிறான் சலீம். "நம்மூர்ல அது மேலயே உக்காந்துக்கினு, எந்தக் கர்சீப்புன்னு கேப்பான்."

சாப்பிட்டுவிட்டு ஓடி வருகிறோம். கூட்டம் நெரிகிறது, பின்வரிசை எட்டி எட்டிப் பார்க்கிறது. எங்கள் இடம் மட்டும் காலி.

சலீம் கர்சீப்பை அவிழ்க்காமல் பார்த்தபடி நிற்கிறான். "ஒருத்தர்கூட தொடலடா."

மேடையில் இன்னும் திரையே விலகவில்லை. அதற்குள் எனக்குப் புல்லரிக்கிறது.