கமராவில் தெரிந்த முகம்

வெள்ளவத்தையில் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபட்டு விடுபட்ட பிறகு என் கணவர் நோர்வேக்குப் போய்விட்டார். நானும் மகளும் ஃபிளாட்டில் விசாவுக்காகக் காத்திருக்கிறோம். அவர் தமிழில் தட்டி அனுப்பும் கடிதங்களைக் கொம்பியூட்டரில் சேர்த்து வைத்து, சமையல் முடிந்ததும் திறந்து வாசிப்பேன்.

தெரிந்தவர் ஒருவரிடம் அவர் கொம்பியூட்டரில் பூட்டும் கமரா ஒன்று கொடுத்தனுப்பினார். எங்கள் பழைய விண்டோஸில் அது வேலை செய்யவில்லை.

"அன்ரி, புது விண்டோஸ் எக்ஸ்பி போட்டால் முகம் பார்த்துக் கதைக்கலாம்," என்றார் கொம்பியூட்டர் கடைக்காரர்.

கடிதங்கள் அழிந்துவிடுமோ என்று பல வாரம் தயங்கினேன். கடைசியில் முகம் பார்க்கும் ஆசையே வென்றது. கடிதங்களைச் சீடியில் ஏற்றிக்கொண்டு சம்மதித்தேன்.

புதியது போட்ட பின் திறந்தால், ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கிடந்தன. அன்று பின்னேரம் கமராவில் வந்தவரிடம் அழுதபடியே சொன்னேன்.

"அழாதையும். கடிதம் ஒண்டும் அழியேல்லை. பழைய தமிழ் எழுத்துக்கான ஃபொண்டைத் திரும்பப் போடும், வந்திடும்," என்று சிரித்தார்.

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு தெரிந்தது.

"என்னப்பா இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்? சாப்பிடுறேல்லையே?"

அவர் மகளைக் கூப்பிடச் சொன்னார்.

மறுநாள் ஃபொண்டைப் போட்டதும் கடிதங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் "நான் நல்லா இருக்கிறன்" என்றே எழுதியிருந்தார். இப்போது நான் ஃபொண்டையும் சேர்த்தே பிரதி எடுத்து வைக்கிறேன். அவரிடம், கமராவில் சாப்பாட்டுக் கோப்பையையும் காட்டச் சொல்கிறேன்.

— ஒரு வாசகி, வெள்ளவத்தை