டிரஸ்ஸர் தொட மறுத்த வயிறு

ஜப்பான்காரன் வந்த மூன்றாவது வருஷம், எனக்கு மூன்று மாதமாகத் தூரம் நின்றுபோயிருந்தது. வயிறும் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் வாங்க ஆளில்லை என்று பாதி மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்தார்கள். காலையில் அவித்த கிழங்கு, மதியம் கிழங்குக் குழம்பு, இரவில் மாறுதலுக்காகக் கிழங்கு மாவு ரொட்டி.

என் வயிற்றை முதலில் கண்டுபிடித்தவள், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டு அக்கா. நாற்பது தாண்டியவள்.

"தங்கச்சி, இது கிழங்கு வயிறு இல்ல, ஆள் வயிறு. அஞ்சு பெத்தவ சொல்றேன்லா, தப்பாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் நான்கு நாள் நிற்காமல் இரத்தம் போய்ப் பிழைத்தவள் நான். "இன்னொண்ணு வேணாம்மா, தாங்க மாட்டே" என்று டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸரே அப்போது சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவரிடமே போனேன்.

அவர் காலிக் குப்பிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மருந்து தீர்ந்து மாதக்கணக்கானாலும் குப்பிகளை மட்டும் தினமும் துடைப்பார்.

"ஐயா, வயித்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதே! நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நானும் குத்தவாளி."

"தொட்டுப் பாருங்க ஐயா. இருக்கா இல்லையான்னாவது சொல்லுங்க."

"இருக்குன்னு நான் சொல்லி, நாளைக்கு அது இல்லாமப் போனா, எங்கே போச்சுன்னு போலீஸ்காரன் என்னைத்தானே கேப்பான்? கலைக்கிறது சட்டப்படி குத்தம்மா."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "யாரு சட்டம்? வெள்ளைக்காரன் சட்டம்தானே? அவனே ஜெயில்ல கிடக்கான்."

"ஆளுதான் உள்ளே இருக்கான். சட்டம் வெளியிலதான் இருக்கு."

"சரி, ஜப்பான்காரன் சட்டம் என்ன சொல்லுது?"

டிரஸ்ஸர் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது யாருக்கும் தெரியாது. அதான் எல்லாத்துக்கும் பயப்படறேன்."

நாங்கள் வெளியேறும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.

ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடையில் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்று அக்கா கேள்விப்பட்டிருந்தாள். மருந்துக்கு மாற்றாக அவளுடைய பெட்டைக் கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு, பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டியிலும் போனோம். பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழும். இருவரும் இடுப்பு வலிக்கக் குனிந்தோம். கோழி மட்டும் கூடைக்கு மேலே தலையை நிமிர்த்திக்கொண்டு கொக்கரித்தது. சிப்பாய் கூடையைப் பார்த்து ஏதோ கத்தினான். அக்கா சட்டென்று கோழியின் கழுத்தைப் பிடித்து மூன்று முறை குனிய வைத்தாள். அவன் ஒரு நிமிடம் முறைத்தான். பிறகு துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள் பாலத்தைக் கடந்துவிட்டோம்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் யார் போலீசுக்கு வேவு பார்ப்பவன் என்று எப்படித் தெரியும்? வாயைத் திறந்து கேட்கவே பயமாக இருந்தது. என் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை வெளியே வீசினேன். கடைக்காரக் கிழவருக்குப் புரியவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த மலாய் பாஷையில் முணுமுணுத்தாள். "அனாக்... கெலுவார்." பிள்ளை, வெளியே.

கிழவரின் முகம் மலர்ந்தது. கட்டைவிரலை உயர்த்தி என்னைப் பாராட்டினார். வேரும் பட்டையுமாக ஏழு பொட்டலம் கட்டிக் கொடுத்து, கோழியை வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல மனுசன் பாரு" என்றாள் அக்கா. எனக்குத்தான் கருக்கலைப்புக்கு ஒருவர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று விளங்கவில்லை.

கஷாயம் கசந்தது. பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. கோழி கொடுத்து வாங்கியதைக் கொட்டுவதா என்று மீதியை அக்கா குடித்துவிடுவாள். ஏழு பொட்டலமும் தீர்ந்தது. வயிறு குறையவில்லை. அதோடு கால்களும் வீங்கின. ஒருநாள் கிழங்குக் காட்டில் கால் மரத்து விழுந்தேன். என் புருஷன் முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

காலைப் பார்த்ததும் டிரஸ்ஸர் தயங்காமல் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அவர் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல்முறையாக என் வயிற்றையும் அழுத்திப் பார்த்தார்.

"உள்ளே ஒண்ணும் இல்லைம்மா! தண்ணி கோத்திருக்கு. சத்தே இல்லாம தூரமும் நின்னுபோச்சு. எல்லாம் இந்தக் கிழங்கு பண்ற வேலை. அரிசித் தவிடு எங்கே கிடைச்சாலும் வாங்கித் தின்னு."

நிம்மதியில் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காலைத் தொட்டீங்களே ஐயா, அன்னைக்கு வயித்தைத் தொட்டிருக்கலாமே?"

"காலுக்குச் சட்டம் இல்லைம்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

தவிட்டில் கால் வற்றியது, வயிறும் வற்றியது. இடையில் ஒருநாள், தோட்டத்தை ஒட்டிக் காய்கறி போடும் சீனப் பெண்ணிடம் மீதியிருந்த பொட்டலக் காகிதத்தைக் காட்டினேன். அதிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு அவள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். அது கரு கலையாமல் நன்றாக ஒட்டிக்கொள்வதற்கான மருந்தாம்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. அவளுடையது கிழங்கு வயிறு அல்ல. இரண்டு நாள் காட்டில் தனியாகவே கிழங்கு பிடுங்கினாள். பிறகு, "வந்தது வரட்டும்லா" என்றாள். ஆறாவதாகப் பெண் பிறந்தது, பிறந்த நாளிலிருந்தே ஊரைக் கூட்டும் தொண்டை.

எனக்கு உண்மையாகவே உண்டாகியிருந்தால் நான் மருந்துக்கடையோடு நின்றிருக்க மாட்டேன். அடுத்த தோட்டத்தில் ஒருத்தி அப்படித்தான் யாரிடமோ இரகசியமாகப் போனாள். பலகையில் வைத்துப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். அவளுக்கும் சட்டம் தெரியும். தெரிந்ததனால்தான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, இதைப் பற்றி அக்காவோடு ஒருநாள் வாக்குவாதம் வந்தது. அந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும், பயமில்லாமல் போய்க் கேட்க ஓர் இடம் வேண்டும் என்றேன்.

அக்கா மடியிலிருந்த பெண்ணைக் காட்டினாள். "தளர்த்தியிருந்தா இவ எங்கேடி?"

"நீங்க வேணும்னு பெத்தீங்க அக்கா. வேணாம்னா உங்களுக்கு ஒரு வழி இருந்திருக்கணும்னுதான் சொல்றேன்."

"வேணும்னு சொன்னேனா? வரட்டும்னுதானே சொன்னேன்."

 மூன்று நாள் அக்கா என் வாசல் பக்கம் வரவில்லை. நான்காம் நாள் உப்புக் கேட்டு வந்தாள். கொடுத்தேன். குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.