செல்லாமல் போன எண்பத்தாறு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்னர், ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் போனேன். உயிரியல், பௌதிகம், ஓர்கானிக் கெமிஸ்ட்ரி என்கிற சேதன இரசாயனம் எல்லாம் படித்தேன். வகுப்பில் பாதிப்பேரை அழவைத்த சேதன இரசாயனத்தில் எனக்கு எண்பத்தாறு. பிறகு கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். படிப்பு நின்றது. சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஸ்காபரோவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கப் போன் எடுப்பதுதான் வேலை. உள்ளே டொக்டர் நிற்கும் இடத்தில் நான் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்ன ஆசை, வெறி!

பல் டொக்டர் படிப்புக்கு என் பழைய பாடங்கள் இன்னும் செல்லுமா? இதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கணவர், தன் சிநேகிதரான ஓர் அண்ணையைக் கேட்போம் என்றார். அண்ணை, வசதியானவர்கள் குடியிருக்கும் மார்க்கம் நகரில் தனிவீடு வாங்கியவர். எங்கள் சனத்துக்கு அது போதும். மார்க்கத்தில் வீடு வாங்கினவருக்கு இமிகிறேசன், நீரிழிவு, கல்யாணப் பொருத்தம், பல்கலைக்கழகம் எல்லாம் தெரியும்.

"அஞ்சு வருசம் தாண்டினால் பழைய கோர்ஸ் ஒண்டும் செல்லாது, தங்கச்சி. எல்லாத்தையும் திருப்பி எடும்" என்றார், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து, "ஒருக்காப் போன் அடிச்சுக் கேக்கட்டே?" என்று கணவரிடம் கேட்டேன்.

"விசரே உமக்கு? கேக்கப் போனால் உவங்கள் பழசெண்டு பேரைக் குறிச்சு வைப்பாங்கள்."

அகதி வழக்கு முடியும்வரை, கூப்பிட்டால் ஒழிய எந்த அலுவலகப் பக்கமும் போகாத மனுசன் அவர். குடியுரிமை எடுத்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? நானும் தலையாட்டினேன்.

இரண்டு வருடம் மாலை வகுப்பு. கிளினிக்கிலிருந்து அப்படியே பஸ் பிடித்து ஓடுவேன். பிள்ளைகள் இரண்டுக்கும் காய்ச்சல் வந்த கிழமையில்தான் சேதன இரசாயனச் சோதனை. அறுபத்தேழு.

விண்ணப்பித்தேன். கடிதம் வந்தது. சேதன இரசாயனத்தில் எழுபதாவது வேண்டுமாம், என்னை எடுக்க முடியாதாம். அன்றைக்குத்தான், வந்த கோபத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் அடித்தேன். எடுத்தவள் பொறுமையான பெண். என் ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்களுடைய பழைய பாடங்கள் செல்லுமே. சில இடங்களில் காலக்கெடு வைப்பார்கள். நாங்கள் வைப்பதில்லை."

"அப்படியென்றால் என்னுடைய எண்பத்தாறு?"

"ஒரே பாடத்தை இரண்டு தரம் எடுத்தால் பிந்திய புள்ளியைத்தான் பார்ப்போம். ஏன் திரும்ப எடுத்தீர்கள்?"

என்ன சொல்ல? மார்க்கத்தில் வீடு வாங்கிய அண்ணை சொன்னார் என்றா? போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். மூன்றாம் தரம் எடுக்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

அடுத்த மாதம் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதி மண்டபமொன்றில் ஒரு பிறந்தநாள் விழா. அதே அண்ணை கையில் மட்டன் ரோல்ஸோடு நிற்கிறார். எதிரில் இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண். அவளுக்கும் பல் டொக்டர் படிப்பு ஆசை போல.

"பழசு செல்லாது, தங்கச்சி. திருப்பி எடும்."

"அண்ணை, வாயை மூடுங்கோ!" என்று கத்தினேன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணையின் முகம் கறுத்துப்போனது.

"நான் நல்லதுக்குத்தானே சொன்னனான். என்ரை மருமோன் மருந்தாளர் படிப்புக்குப் போகேக்கை அப்பிடித்தான் சொன்னவங்கள்."

"அது வேறை படிப்பு, வேறை இடம்! நான் கேட்டது பல் டொக்டர் படிப்பெல்லே! தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்ல வாய் வராதே உங்களுக்கு?"

கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "கத்தாதையும், சனம் பாக்குது."

"பாக்கட்டும்! என்ரை ரெண்டு வருசத்தை ஆரும் பாக்கேல்லைத்தானே!"

அந்தப் பெண் பயந்துபோய் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப ஆரைக் கேக்கிறது, அக்கா?"

எனக்கு அந்தக் கேள்வி சுளீரென்று பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னர் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. "திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாரும்" என்றேன்.

வந்தாள். என் மேசைப் போனைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். இலக்கம் பல்கலைக்கழகத்துக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தக் கையேடு இரண்டு வருடமும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலேதான் கிடந்தது. அவள் கேட்டாள், எழுதிக்கொண்டாள், நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"செல்லுமாம், அக்கா! ஒண்டும் திருப்பி எடுக்கத் தேவையில்லையாம்!"

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நான்கு நிமிடம். அதிலும் இரண்டு நிமிடம், ஆள் வரும்வரை போனில் பாட்டுத்தான் போனது.