நாலு பேர் தேடின கம்ப்யூட்டர்

ஆன்லைனில் புடவை விற்கிறவளுக்குப் புடவையைத் தொடக்கூட நேரமிருக்காது, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்தான். தி.நகரில் எங்கள் கடை மாடியில் இருப்பது ஒன்றே ஒன்று. மேனேஜர் ராகவன் சார், பேக்கிங் குணா, முதலாளி அண்ணாச்சி, நான் என்று நாலு பேருக்கும் அதுதான். ஒருத்தர் எதையாவது தேடியிருந்தால், அடுத்தவர் முதல் எழுத்தை அடித்ததுமே அது வந்து குதிக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

குறட்டை

குப்படம் பட்டு தேடலாமென்று ‘கு’ அடித்தேன். ‘குறட்டை விட்டால் மனைவி தனி ரூம் கேட்பது சரியா’ என்று வந்தது. திரும்பினால் ராகவன் சார்! மயிலாப்பூர்க்காரர், அதட்டிக்கூடப் பேசமாட்டார். காது வரை சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது, பாவமாகவும் இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரே சொன்னார்: “எங்காத்துக்கு எதிர்த்தாப்ல ஒருத்தர் இருக்கார், அவருக்காகப் பாத்துண்டிருந்தேன்.”

வெங்காயச் சாறு

அடையாறிலிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்துவிட்டார், ஆர்டர் செய்த வைர ஊசி புடவை வேறு கலரில் வந்ததென்று. ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி ‘வ’ அடித்தேன். ‘வழுக்கையில் முடி வளர வெங்காயச் சாறு’ வந்தது. பக்கத்தில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த குணாவின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. நாற்பதைத் தொடப்போகிற மனுஷன், வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றமாட்டான். “இன்னாக்கா, மானத்த வாங்கிட்டியே!” என்று முணுமுணுத்தான்.

அந்த அம்மா புடவையை மறந்தே போனார். குணாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெங்காயமெல்லாம் வேஸ்ட்டுப்பா, எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் தேய்ச்சார், தலகாணி நாறினதுதான் மிச்சம்.”

சந்தனப் பொட்டு

இதெல்லாம் சிரிப்பு. இனி என் கதைக்கு வருகிறேன்.

இன்னொரு புடவைக் கடையில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஞாயிறு லீவாம்! எங்கள் கடையில் ஞாயிறுதான் கூட்டமே. கொட்டிவாக்கத்தில் வீடு, நடந்தால் கடற்கரை, ஆறு வயசுப் பெண்ணைக் கூட்டிப்போய் எத்தனை மாசமாச்சு! ஆனால் இந்த முதலாளிகள் எல்லாரும் ஒரே ஊர்ப்பக்கம். நான் பக்குவமாகச் சொல்வதற்குள் விஷயம் அண்ணாச்சிக்குத் தெரிந்தால் ஒரு போன் போதும், ரெண்டு வேலையும் போச்சு.

ஆயுத பூஜை அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ‘முதலாளி மனசு நோகாமல் வேலையை விடுவது எப்படி’ என்று தட்டினேன். பதிலைப் படிக்கக்கூட இல்லை, ராகவன் சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து கம்ப்யூட்டரை அணைத்தார். கீபோர்டுக்கு ஒரு பொட்டு, மவுசுக்கு ஒரு பொட்டு. “சார், சார், ஒரே நிமிஷம், ஒண்ணு அழிக்கணும்” என்று கெஞ்சினேன். மனுஷர் அசையவில்லை: “பொட்டு வெச்சாச்சும்மா, நாளைக்குக் கார்த்தால அண்ணாச்சி கை வெச்சப்புறம்தான் தொடணும்.”

முருகன் துணை

விஜயதசமி காலை. பொரியும் சுண்டலும் கையில் வாங்கிக்கொண்டு சுற்றி நின்றோம். தேடுகிற கட்டம்தான் அண்ணாச்சிக்குப் புதுக் கணக்கு நோட்டின் முதல் பக்கம். வருஷா வருஷம் அதில் ‘முருகன் துணை’ என்று அடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையே. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிறார், தேடுகிறார். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

‘மு’ அடித்தார். வந்தது. நிறுத்தி நிதானமாக, உரக்கப் படித்தார். ராகவன் சார் ஃபேனைப் பார்த்தார். அண்ணாச்சி பார்வை குணா பக்கம் போனது. அந்தப் பாவம் நமக்கெதற்கு? “நான்தான் அண்ணாச்சி” என்றேன். ஞாயிறு, பெண், புதுக் கடை, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. “வேலைய விடுதது எப்படின்னு இந்தப் பொட்டிகிட்ட கேட்டிருக்கியே தாயி, ஞாயித்துக்கெழம லீவு வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்டேன், மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு தந்தார், மூன்றாவதை எப்படிக் கேட்பது என்று இப்போது என் சொந்த போனில் தேடிக்கொண்டிருக்கிறேன்.